நோன்பு வீட்டுப் பூனை

மைனர் என்பது பூனையின் பெயர். வேலைவெட்டி இல்லாமல் மீசையை நக்கிக்கொண்டு மெத்தையில் கிடக்கிற அழகைப் பார்த்து கிதிர் முகம்மது வைத்தது. அவர் மௌத்தாகி அடக்கம் செய்து வருஷம் திரும்புவதற்குள், அவருக்கிருந்த சர்க்கரை வியாதி அந்தப் பூனைக்கும் வந்து சேர்ந்தது. வாளித் தண்ணீரை ஓயாமல் குடித்தது. தின்னத் தின்ன இளைத்தது. முற்றத்தில் அது ஒண்ணுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்ததைப் பார்த்ததும் அவர் மனைவி சைதூன் பீவிக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. புருஷனுக்குத் தினமும் இன்சுலின் ஊசி போட்ட கை அவளுடையது.

மாட்டு டாக்டர் நம்பிராஜன் முதலில் சிரித்தார். சோதித்துப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. ஊசிக்குழலில் இரண்டே சின்னக் கோடு, அதற்கு மேல் ஒரு சொட்டுக்கூட ஏறக் கூடாது என்றார். பூனை தின்ற பிறகுதான் ஊசி, தின்னாவிட்டால் அன்றைக்கு ஊசியே கிடையாது என்றும் சொன்னார். சைதூன் பீவி அதைப் பிசகாமல் செய்தாள். மருந்துப் புட்டியை ஈரமணல் பானைக்குள் வைத்தாள். குழலை வெந்நீரில் கொதிக்க வைத்து, புட்டியைக் குலுக்காமல் உள்ளங்கையில் உருட்டி, மைனரின் பிடரித் தோலைத் தூக்கிப் பிடித்துப் போடுவாள். காலையில் சோறும் ஊசியும், மத்தியானம் கொல்லத்து ரயிலில் வந்த சாளை மீனைக் கழுவும்போது தலையும் வாலும், ராத்திரி மறுபடி சோறு. இரண்டு மாதத்தில் மைனர் பழைய மைனராகிவிட்டது.

வீட்டில் இதைக் கண்டு முகம் சுளித்தவள் ஆசியா ஒருத்திதான். சைதூன் பீவியின் கொழுந்தன் மசூதின் மனைவி, அச்சன்புதூர்க்காரி. "மனுசருக்கே மருந்து கிடைக்காத ஊர்ல பூனைக்கு ஊசியா" என்று ஒருநாள் அடுப்படியில் சொல்லிவிட்டாள். சொன்னவள் அதோடு மறந்துவிட்டாள். கேட்டவள் மறக்கவில்லை.

அந்த மார்கழியில் நோன்பு வந்தது. விடியுமுன் சஹருக்கு வீடே எழுந்து சாப்பிடும்போது மைனருக்கும் வைத்து, தின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டு ஊசி போட்டாள். முதல் வாரத்திலேயே ஒருநாள் சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும் நேரத்தில் மைனர் கால் பின்னித் தூணில் போய் முட்டியது. கண் எங்கேயோ பார்த்தது. நோன்பு திறந்தபின் கறித்துண்டு தின்றதும் தெளிந்தது.

சைதூன் பீவியின் மனதில் அன்றைக்கு விழுந்தது சந்தேகம். மசூது எலிக்கென்று வாங்கி வந்த பாஷாணம் விறகுப்புரையில் இருந்தது. ஆசியாவுக்குப் பூனையைக் கண்டால் ஆகாது. இது போதாதா? அவள் எங்கே போனாலும் சைதூன் பீவியின் கண்ணும் பின்னாலேயே போயிற்று. தஸ்பீஹ் மணி விரலில் உருளும், பார்வை அடுப்படியில் இருக்கும். அடுத்த வாரம் பூனை நன்றாகவே இருந்தது. நாம் கண்காணிப்பது தெரிந்து கள்ளி அடங்கிவிட்டாள் என்று நினைத்தாள். பூனை சுணங்கினாலும் ஆசியா குற்றவாளி, சுணங்காவிட்டாலும் குற்றவாளி. இப்படி ஒரு கோர்ட்டில் மாட்டினால் யார்தான் தப்ப முடியும்?

வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆ தொழுகைக்குப் போயிருந்த நேரம். விறகுப்புரையில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். ஆசியா மூலையில் குந்தியிருந்தாள். மடியில் முந்தானையால் மூடிய ஒரு தட்டு. காலடியில் மைனர் எதையோ நக்கிக்கொண்டிருந்தது. சைதூன் பீவியைக் கண்டதும் ஆசியா பதறித் தட்டை விறகுக்குப் பின்னால் தள்ளினாள். முகம் வெளிறிவிட்டது.

 சைதூன் பீவி பூனையை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் சஹரில் தன் கையால் சோறு தீற்றி, ஊசி போட்டு, தன் அறையில் வைத்துப் பூட்டினாள். இனி பொழுது அடைந்து மஃரிப் பாங்கு சொல்கிற வரைக்கும் யார் கையும் அண்ட முடியாது என்று அன்றைக்குத்தான் நிம்மதியாக ஓதினாள். மத்தியானத்துக்கு மேல் உள்ளே மைனர் கத்தியது. ஆசியா கதவுக்கு வெளியே நின்று, "அக்கா, அதுக்குப் பசிக்கும் போல" என்றாள். சைதூன் பீவி பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். கொஞ்சநேரத்தில் கத்தல் நின்றது.

அஸருக்குப் பிறகு கதவைத் திறந்தபோது மைனர் விறைத்துக் கிடந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. சைதூன் பீவி வாய்விட்டு அழுதாள். புருஷன் மடியில் கிடந்த உயிர், அவர் நினைவாகத் தனக்கு மிச்சமிருந்த ஒரே உயிர். கடையிலிருந்து வந்த மசூதிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். விறகுப்புரையில் பார்த்ததைச் சொன்னாள், பாஷாணத்தைச் சொன்னாள். மசூது மனைவியைக் கூப்பிட்டு, தட்டில் என்ன வைத்திருந்தாய் என்று கேட்டான். ஆசியா தலையைக் குனிந்துகொண்டாள், வாயைத் திறக்கவில்லை. விஷம்தான் என்று டாக்டர் சொன்னால் இவளை இன்றைக்கே அச்சன்புதூரில் கொண்டு விட்டுவிடுகிறேன் என்றான் மசூது.

நம்பிராஜனின் வீடு குற்றாலத்தில். குதிரை வண்டியில் போகிற வழியெல்லாம் சைதூன் பீவி துணிக்குள் கிடந்த பூனையின் நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனாள். அருவிச் சத்தம் கேட்கத் தொடங்கிய இடத்தில் அந்தத் துடிப்பு நூலாகிவிட்டிருந்தது. டாக்டரைப் பார்த்ததும், "விசம் வச்சிட்டாங்கய்யா" என்றாள்.

அவர் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"காலையில ஊசி போட்டீங்களாம்மா?"

"போட்டேன். சோறு தின்னப் பொறவுதான் போட்டேன். ரெண்டே கோடு."

"அதுக்கப்புறம் என்ன தின்னுச்சு?"

"ஒண்ணும் திங்க விடலய்யா. ஒரு பருக்கை உள்ள போவாம நானே பூட்டி வச்சிருந்தேன்." அதைப் பெருமையாகத்தான் சொன்னாள்.

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். வழக்கமாக மத்தியானம் என்ன தின்னும் என்று கேட்டார். மீன் தலை என்றாள். நோன்பில் மத்தியானம் அடுப்பு எரியாதே என்றும் சொன்னாள்.

"நோன்பு உங்களுக்குத்தானம்மா. உள்ள போன மருந்துக்கு நோன்பு தெரியுமா? அது மத்தியானத்துக்கு மேலதான் நல்லா வேலை செய்யும். அந்த நேரம் வயித்துல ஒண்ணுமில்லேன்னா, ரத்தத்துல இருக்க சக்கரையை எல்லாம் இறக்கிப் போடும்."

பேசிக்கொண்டே குளுக்கோஸ் மருந்தை ஊசியில் ஏற்றிப் பூனையின் கால் நரம்பில் மெல்லச் செலுத்தினார்.  செங்கோட்டைச் சந்தையில் சோறு தாமதமாகித் தன் புருஷன் வேர்த்து விழுந்ததும், வெல்லத்தை நுணுக்கி அவர் வாயில் தானே திணித்ததும் சைதூன் பீவிக்கு நேற்று நடந்ததுபோல் நினைவுக்கு வந்தன. தெரியாத விஷயம் இல்லை. தெரிந்ததை நினைக்கவிடாமல் ஆசியாவின் முகம் நடுவில் நின்றிருந்தது.

மைனரின் காது அசைந்தது. பிறகு வால் அசைந்தது. ஈனமாக ஒரு சத்தம் போட்டுத் தலையைத் தூக்கியது. உடனே கொஞ்சம் பாலும் முட்டையும் வைத்தார்கள், தின்றது. நோன்பு முடிகிறவரைக்கும் மத்தியானம் தவறாமல் சோறு வைக்கச் சொன்னார், நாளைக்குக் காலை ஊசி வேண்டாம், முதலில் தன்னிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்றார்.

திரும்புகிற வண்டியில்தான் மீதிக் கணக்கும் அவளுக்கு விளங்கியது. ஆசியா ஏன் தட்டை ஒளித்தாள்? மாதவிலக்காகித் தொழுகை இல்லாத நாட்களில் பெண்கள் நோன்பு வைப்பதில்லை. ஆனால் நோன்பு வீட்டில் நாலு பேர் பார்க்கச் சாப்பிடுவதும் இல்லை, நாலு பேர் முன் அதை வாய்விட்டுச் சொல்வதும் இல்லை. சைதூன் பீவியே முப்பது வருஷம் அந்த விறகுப்புரையில் குந்தி, மூடிய தட்டில் பழைய சோற்றை விழுங்கியவள்தான். உடம்பில் அந்த நாட்கள் நின்று போனதும் அதை அடியோடு மறந்துவிட்டாள். பூனை நன்றாக இருந்த வாரம் முழுக்க, ஆசியா தன் தட்டிலிருந்து அதற்கும் பங்கு போட்டிருக்கிறாள். மைனரைக் காப்பாற்றியது அந்தச் சோறு. அதைத்தான் சைதூன் பீவி பூட்டித் தடுத்திருக்கிறாள்.

வீட்டு வாசலில் மசூது நின்றிருந்தான். நடையில் ஆசியாவின் துணிமூட்டை இருந்தது.

"விசமில்ல மசூது. தப்பெல்லாம் எம்மேல. மூட்டையை உள்ள கொண்டு வை" என்றாள்.

அவன் ஏதோ கேட்க வந்தான். அவள் நிற்காமல் பூனையோடு அடுப்படிக்குப் போய் ஆசியாவின் எதிரில் உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். என்னை மன்னிச்சிரு என்று கையைப் பிடித்தாள். ஆசியா கையை இழுத்துக்கொள்ளவில்லை, அழவுமில்லை.

"மைனர் செத்துப் போயிருந்தா, நாந்தான் கொன்னேன்னு கடைசிவரைக்கும் நெனச்சிருப்பிய, இல்லையாக்கா?"

இல்லை என்று சொல்லத்தான் சைதூன் பீவி வாயெடுத்தாள். நோன்பிருந்த வாயால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"ஆமாட்டி" என்றாள்.

 ஆசியா சைதூன் பீவியின் மடியிலிருந்த பூனையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"நான் குளிச்சு முழுகியாச்சு. நாளையிலேருந்து எனக்கும் நோன்பு" என்றாள் சைதூன் பீவியின் முகத்தைப் பார்க்காமல். "மத்தியானம் இதுக்கு நீங்கதான் சோறு வைக்கணும்."