ஏழு வயது ஆரூரனின் மீசை

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஸ்ரீஸ்கந்தராசாவின் மகன் ஆரூரனுக்கு ஏழு வயதில் மீசை முளைத்தது. அரும்பு மீசை அல்ல, கத்தரிக்க வேண்டிய மீசை. எட்டு மணித் தொடர் தொடங்கும்போது இல்லாதது, அது முடிந்து பால்மா விளம்பரம் போனபோது இருந்தது. அந்த வாரம் செத்தல் மிளகாய் கிலோவுக்கு நாற்பது ரூபா ஏறியிருந்ததால் ஒழுங்கையில் அதைப் பற்றித்தான் கூடுதலாகக் கதைத்தார்கள். தவிர, அவன் இருந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அது முதல் மீசையும் அல்ல.

இது எப்படி வந்தது என்று தெரிய வேண்டுமானால் ஆமையிலிருந்து தொடங்க வேண்டும். முன்பெல்லாம் பின்னேரம் ஐந்து மணிக்கு டீவியில் அரை மணித்தியாலம் சிறுவர்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. அதில் துணியால் தைத்த ஒரு பச்சை ஆமையும் ஒரு தொந்திக்கார மனிதரும் வருவார்கள். மனிதர் கடதாசியில் கப்பல் மடிப்பார், ஆமை அதைப் பிழையாக மடிக்கும், அவ்வளவுதான் சங்கதி. முடிந்ததும் பிள்ளைகள் டீவியை நிற்பாட்டிவிட்டு ஒழுங்கைக்கு ஓடுவார்கள், ஏனென்றால் அதற்குப் பிறகு வருவது செய்தி. 2003இல் அந்த அரை மணித்தியாலம் பதினைந்து நிமிடமானது, அடுத்த வருடம் ஐந்து நிமிடமானது, பிறகு அந்த ஐந்து நிமிடத்தையும் நூடில்ஸ் விற்கிற ஒரு கொம்பனி வாங்கிக்கொண்டது. கடைசி நாள்களில் ஆமைக்கு உதட்டுச் சாயம் பூசி, இடுப்பில் மினுங்கல் துணி கட்டி ஆட விட்டார்கள். தொந்திக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடமும் அழுதார், அதையும் ஒளிபரப்பினார்கள். அந்த அழுகைக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்த பிறகு சனல்காரர் எல்லோருக்கும் வழி தெரிந்துவிட்டது.

அதே காலத்தில்தான் ஸஹாப்தீன் என்கிற கேபிள்காரர் மொட்டை மாடியில் டிஷ் ஒன்றை நட்டு, தென்னைமரம், விளக்குக் கம்பம், மற்றவன் வீட்டு ஜன்னல் என்று பார்க்காமல் வயர் இழுத்து, கட்டடம் முழுவதற்கும் இந்தியச் சனல்களைக் கொடுத்தார். சிறுவர் நிகழ்ச்சி என்ற பெயரில் அதில் வந்தது என்னவென்றால், ஐந்து வயதுப் பிள்ளைகள் நாற்பது வயதுக்காரரின் முகத்தை வைத்துக்கொண்டு காதல் தோல்விப் பாட்டுக்கு ஆட, மூன்று நடுவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். அதற்குப் பிறகு எட்டு, எட்டரை, ஒன்பது என்று தொடர்கள். மாமியார் பாலில் எதையோ கலப்பாள், மருமகள் அதைத் தெரிந்தும் குடிப்பாள். பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்தார்கள், பெற்றோர் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். தொடரின் ஒரு நாள் பகுதிக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் பிள்ளைகளுக்கு வயது ஏறியது. இரண்டாம் மாடி அருந்ததி ஒன்பது வயதில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, தாய் வைத்த சாம்பாரை ருசி பார்த்து, “உப்புப் போடக்கூடவா உங்க வீட்ல சொல்லித் தரல?” என்று தாயைக் கேட்டாள். தாய் கோபப்படவில்லை. என்ர பிள்ளை எவ்வளவு கெட்டித்தனமாய்க் கதைக்கிறாள் என்று வந்தவர் போனவருக்கெல்லாம் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். மற்றப் பெற்றோரும் அப்படித்தான். பிள்ளை விளையாடக் கேட்பதில்லை, கடலுக்குப் போகக் கேட்பதில்லை, கதை சொல்லக் கேட்பதில்லை. வளர்ப்பு வேலை இவ்வளவு சுகமாக முடிகிறதே என்று அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். பாடசாலையில் பெற்றோர் கூட்டம் வைத்த அன்று யார் பிள்ளை யார் தகப்பன் என்று தெரியாமல் ஆசிரியைமார் எல்லோருக்கும் ஒரே தேத்தண்ணி கொடுத்தார்கள்.

ஒரு வீட்டில் மட்டும் பிள்ளைகள் பிள்ளைகளாகவே இருந்தார்கள். அது ஸஹாப்தீனின் வீடு. அவருடைய மகள் ஸமீமா எட்டு வயதில் எட்டு வயதாக, முன்பல் இல்லாமல், படிக்கட்டில் கொக்கான் விளையாடிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டபோது அவர் ஒளிக்கவில்லை. “எங்கட ஊட்டுக்கு நான் வயர் இழுக்கல்ல. டீவி சத்தம் எனக்குத் தலைக்குள்ள ஏறும், ஏலாது,” என்றார். கேட்டவர்கள் பாவம் மனிதனுக்குத் தலையிடி என்று சொல்லிவிட்டு, விளையாட்டுச் சனலும் சேர்த்துத் தரச் சொல்லிப் போனார்கள்.

ஆரூரனின் தாய் ஜெகதீஸ்வரிக்கு இவர்களைவிட ஒரு காரணம் கூட இருந்தது. அவள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்காம் மாடியில் இரண்டு அறை எடுத்து, கனடாவில் இருக்கும் புருஷன் அனுப்பிய விசாப் பத்திரங்களுக்குப் பதில் வரும் என்று மூன்று வருடமாகக் காத்திருந்தாள். வெளியே சந்திக்குச் சந்தி சோதனை, வெள்ளை வானில் ஆளைத் தூக்கிப் போகிற கதை, குண்டுப் பயம். பிள்ளையை வெளியே விட்டால்தானே பிடிப்பார்கள் என்று கணக்குப் போட்டு, பாடசாலை விட்டு வந்ததும் கதவைப் பூட்டி, டீவிக்கு முன்னால் இருத்தி, சோற்றைக் குழைத்து வாயில் ஊட்டினாள். பிள்ளை படத்தைப் பார்த்தபடி வாயைத் திறக்கும், மூடும். இப்படியாக, பொலிஸ் பிடிக்கக் கூடாது என்று வீட்டுக்குள் பூட்டி வைத்து, பொலிஸ் தேடுகிற வயதுக்கு அவனைத் தன் கையாலேயே ஊட்டி வளர்த்தாள். ஏப்ரல் முடிவதற்குள் அவன் ஐந்தடி ஒன்பது அங்குலம், இருபத்திரண்டு வயது மதிக்கலாம். தகப்பன் விட்டுப்போன நீளக் கைச் சேட்டுகள் அளவாக இருந்தன.

கட்டடத்தில் படிக்கட்டுக் கழுவ வரும் ஆறாயி, கொழும்பின் வடக்கே கிராண்ட்பாஸில் இருப்பவள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பிழைப்புக்கு வந்தவள். வாளியோடு வாசலில் நின்று ஒரு நாள் ஊட்டுவதைப் பார்த்தாள்.

“ஏம்மா, இம்புட்டுப் பெரிய ஆம்பளைக்கா ஊட்டுறீங்க?”

“அவனுக்கு ஏழு வயசு, ஆறாயி.”

“அவருக்கு ஏழு. மீசைக்கு எத்தன?”

“சும்மா இரு. பிள்ளைக்கு விளங்கும்.”

“எல்லாம் வெளங்குதுன்னுதான் தெரியுதே,” என்று சொல்லிவிட்டு ஆறாயி மூன்றாம் மாடிக்கு இறங்கினாள்.

தகப்பன் ஸ்ரீஸ்கந்தராசா ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பான். மே மாதம் ஒரு ஞாயிறு, மறுமுனையில் கனத்த குரலில் ஒரு ஆண், “அம்மா குளிச்சிட்டு இருக்காங்க. நீங்க யாரு பேசறது?” என்றான். தன் மனைவி ஓர் இந்தியாக்காரனோடு வாழ்கிறாள் என்று முடிவெடுத்த ஸ்ரீஸ்கந்தராசா மூன்று கிழமை வேலைக்குப் போகவில்லை. ஜெகதீஸ்வரி பம்பலப்பிட்டிப் பிள்ளையார் மேல் சத்தியம் செய்து, அது உங்கட மகன்தான், தொடரில் கதைக்கிற மாதிரிக் கதைக்கிறான் என்று சொன்ன பிறகுதான் ஆள் ஆறினான். உடனே அடுத்த பயம் பிடித்துக்கொண்டது. “அப்ப விசா பைலில என்ன வயசு? ஏழுதானே? அதை மட்டும் மாத்திப் போடாதை,” என்றான்.

மாற்றினால்தான் நல்லது என்று அயலவர்கள் சொன்னார்கள். வீட்டிலுள்ளவர்களின் பெயரும் வயதும் பொலிஸில் பதிந்திருக்க வேண்டும் என்பது அப்போதைய நடைமுறை. ஜெகதீஸ்வரியின் பத்திரத்தில் ஒரு பெண், ஒரு ஏழு வயதுப் பிள்ளை. பெரியவன் என்று பதிந்து ஒரு அடையாள அட்டை எடுத்துவிட்டால் வீதியில் நடக்கலாம், ஆனால் கனடாவில் தகப்பனின் பிள்ளையாக அவனை ஏற்கமாட்டார்கள். ஏழு வயது என்றே விட்டால் விசா கிடைக்கலாம், ஆனால் வீட்டுக்குள் அட்டையில்லாத ஒரு இளந்தாரி. அவள் ஏழையே வைத்துக்கொண்டாள். பாடசாலைக்கு அனுப்புவதை நிறுத்தி, கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டு, டீவியின் சத்தத்தைக் குறைத்தாள். நிற்பாட்டவில்லை.

ஒக்டோபர் மாதம் ஒரு ஞாயிறு காலை பத்து மணிக்குப் பொலிஸார் கட்டடத்தைச் சுற்றி வளைத்தார்கள். நான்காம் மாடிக்கு வந்த சார்ஜன்ட் பத்திரத்தை வாசித்தார், அறையைப் பார்த்தார். இருக்க வேண்டிய பிள்ளை இல்லை, இருக்கக் கூடாத ஆள் இருந்தான். “பிள்ளை எங்கே?” என்று சிங்களத்தில் கேட்டார். ஜெகதீஸ்வரி இளந்தாரியைக் காட்டினாள். இவன் ஆர் என்று கேட்டார். அதற்கும் அவனையே காட்டினாள். ஆரூரன் எழும்பி, சேட்டுக் கொலரைச் சரி செய்து, “அம்மா, அழாதீங்க. சட்டத்த நான் பாத்துக்கிறேன்,” என்றான். ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போதுதான் ஜீப்பின் படியில் கால் வைக்கத் தெரியாமல் இரண்டு முறை விழுந்தான்.

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு பழைய களஞ்சியத்தில் அவனையும் இன்னும் எழுபது பேரையும் வைத்திருந்தார்கள். அங்கிருந்து சிலர் வீட்டுக்குப் போனார்கள், சிலர் வேறு இடங்களுக்குப் போனார்கள். வேறு இடங்களுக்குப் போனவர்களைப் பற்றி அதற்குப் பிறகு எவரும் எதையும் சொன்னதில்லை. மூன்று நாள் வாசலில் நின்றும் ஜெகதீஸ்வரியை உள்ளே விடவில்லை, அவளுக்குச் சிங்களமும் போதாது. கட்டடத்துக்காரர்கள் எல்லோரும் அனுதாபப்பட்டார்கள், எட்டு மணிக்கு முன்னால் அனுதாபப்பட்டு முடித்தார்கள். நான்காம் நாள் ஆறாயிதான் அன்றைய வேலையைப் போட்டுவிட்டு, “வாங்க, நான் பேசுறேன். அந்தப் பக்கந்தான் எங்க வீடு,” என்று கூட்டிக்கொண்டு போனாள். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தையும் இரண்டாம் வகுப்புத் தேர்ச்சி அறிக்கையையும் அவள்தான் நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் இரண்டையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். இருபது வருடத்தில் பல கள்ளப் பத்திரம் பார்த்திருக்கிறேன், இவ்வளவு துணிச்சலானதைப் பார்த்ததில்லை என்றார். ஆரூரனைக் கொண்டுவந்து நிறுத்தி வழக்கமான சோதனையைச் செய்தார். இயக்கத்தில் பயிற்சி எடுத்தவன் என்றால் துவக்குத் தூக்கிய தழும்பு தோளில் இருக்கும், தவழ்ந்து பழகிய காய்ப்பு முழங்கையில் இருக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. தோளில் ஒன்றுமில்லை. நீளக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டச் சொன்னார், அங்கேயும் ஒன்றுமில்லை. பிறகு, “அத பென்னன்ன,” என்று சிங்களத்தில் உள்ளங்கையைக் காட்டச் சொன்னார்.

மயிர் அடர்ந்த இரண்டு நீளக் கைகளின் முனையில் இரண்டு சின்னஞ்சிறு பிள்ளைக் கைகள் இருந்தன. விரல் மூட்டில் குழி விழுந்த, பலூன் மாதிரி ஊதிய, ஏழு வயதுக் கைகள். நகத்துக்குள் பாடசாலை நிறப் பென்சில் இன்னும் ஒட்டியிருந்தது. ஜெகதீஸ்வரியும் அன்றைக்குத்தான் பார்த்தாள். அவள் எப்போதும் வாயைப் பார்த்தே ஊட்டினாள், கையைப் பார்க்கக் காரணம் இருக்கவில்லை. டீவி முகத்தை வளர்த்தது, குரலை வளர்த்தது, பொறாமையையும் கண்ணீரையும் வளர்த்தது. கைக்கு அது ஒரு வேலையும் கொடுக்கவில்லை, ஆகவே கை வளரவில்லை. இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்துப் பூட்டிப் பார்த்தார், அது வழுகிக் கீழே விழுந்தது. திரும்பவும் பூட்டினார், திரும்பவும் விழுந்தது. விரலடையாளப் பத்திரத்தில் பெருவிரலை உருட்டியபோது கட்டத்தின் பாதி வெறுமையாகவே இருந்தது.

“இவ்வளவு காலமும் என்ன செய்தாய்?” என்று அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

“டீவி பாத்தேன் சார்.”

“வேறை?”

ஆரூரன் விரல்களை ஒவ்வொன்றாக மடித்துப் பார்த்தான். “வேற எதுவும் இல்ல சார்,” என்றான்.

இன்ஸ்பெக்டரின் வீட்டிலும் டீவி இருந்தது. மொழிதான் வேறு. அவர் சார்ஜன்ட் பக்கம் திரும்பி, “மே பொடி ளமயெக்,” சின்னப் பிள்ளை ஒன்று இது, என்றார். புத்தகத்தில் வயது ஏழு, உயரம் ஐந்தடி ஒன்பது, மீசை உண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, பிரதியைக் கொடுத்து அவனை விட்டார்.

வெளியே வெயிலில் ஆறாயி அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எங்க மூத்தவளுக்கு இது மாத்தி. எட்டு வயசுல கொழுந்துக் கூடைய முதுகுல மாட்டினா. மூஞ்சி எட்டுலயே நின்னிச்சு, கை கெழவி ஆயிருச்சு. அவளப் பிடிச்சிருந்தா விட்டிருக்க மாட்டாங்க,” என்றாள். சொல்வதில் துக்கம் இல்லை, மிளகாய் விலை சொல்வதுபோலச் சொன்னாள். “அவன்ர கைக்கு வேலை குடுக்க வீட்டில சாமான் ஒண்டும் இல்லை,” என்றாள் ஜெகதீஸ்வரி. “இருக்கிற சட்டி பானையக் கழுவச் சொல்லிக் குடுங்க. அதுக்கு ஒண்ணும் வாங்கத் தேவல்ல,” என்றாள் ஆறாயி.

புறக்கோட்டைக்கு நடந்து வந்து மொரட்டுவ பஸ்ஸில் ஏறினார்கள். வீதியைக் கடக்கத் தெரியாமல் ஆரூரன் தாயின் கையைப் பிடித்திருந்தான், பஸ்ஸுக்குள்ளும் விடவில்லை. மற்றக் கையால் இருக்கைக் கம்பியைப் பிடிக்கப் பார்த்தான், விரல்கள் கம்பியைச் சுற்றி முழுவதும் எட்டவில்லை. நடத்துநர் வந்தார். ஆறாயி சிங்களத்தில் இரண்டரை டிக்கட் கேட்டாள். நடத்துநர் யாருக்கு அரை என்று தேடினார். மீசைக்காரனின் முகத்தைப் பார்த்தார், பிறகு கம்பியில் இருந்த கையைப் பார்த்தார். ஆடாமல் பிடி மல்லி, விழுந்துவிடுவாய் என்று சின்னத் தம்பிக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அரை டிக்கட் ஒன்றைக் கிழித்து அந்தக் கைக்குள் வைத்தார்.