சனிக்கிழமை விறகு

மூன்றாவது தடவையும் சிதை பிடிக்கவில்லை. மண்ணெண்ணெய் மட்டும் பகபகவென்று எரிந்து ஓய்ந்தது. ஈரக் கட்டைகள் சீறிப் புகைந்தன. அறுபத்தேழாம் வருஷத்து ஐப்பசி மழை ஐந்து நாளாகக் கொடைக்கானலை விடாமல் அடித்துவிட்டு இப்போதுதான் கொஞ்சம் வெறித்திருந்தது.

"மாப்ளே, வெரசா ஏதாச்சும் செய்யணும். இருட்டிக்கிட்டு வருது. என் தங்கச்சிய அரையுங்கொறையுமா விட்டுட்டுப் போகவா?" என்றான் திருமலைச்சாமி. தங்கை கண்மணியின் சாவுக்கு மன்னவனூரிலிருந்து நனைந்துகொண்டே வந்தவன்.

கொள்ளி வைத்த அவள் புருஷன் பொன்னுச்சாமி, மரத்தடியில் ஒதுங்கி நின்ற நாலு பேரை முறைத்துக்கொண்டிருந்தான். தபாலாபீஸ் ஞானவேல், டிராயிங் மாஸ்டர், இன்னும் இரண்டு பேர். எல்லாரும் சனிக்கிழமைச் சட்டிக்காரர்கள். ஒருத்தனுக்கும் அது பிழைப்பில்லை. ஏதோ புத்தகத்தைப் பார்த்து, ஜப்பான்காரன் மாதிரி ராக்குச் சட்டி சுடுகிறோம் என்று கூடியவர்கள் கண்மணியையும் சேர்த்துக்கொண்டார்கள். போன சனிக்கிழமை தூறலில் நின்று சூளை போட்டு வந்தவள்தான் காய்ச்சலில் படுத்தாள். நெஞ்சில் சளி கட்டி, இன்று விடியற்காலையில் போய்விட்டாள். "பாவிகளா, கொன்னுட்டீங்களேடா!" என்று காலையில் வாசலிலேயே கத்தியிருந்தான். அப்படியும் அவர்கள் போகவில்லை.

ஞானவேல் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தான். "அண்ணே, எங்க கொட்டகையில காஞ்ச வெறகு கெடக்கு. நாளக்கழிச்சு சூளைக்குன்னு வச்சது. கொண்டாரட்டுங்களா?"

"உங்க வெறகுலயா அவ வேகணும்?"

"அக்கா பொளந்து அடுக்குனதுண்ணே."

பொன்னுச்சாமி சிதையைத் திரும்பிப் பார்த்தான். கால்மாட்டில் கோடித்துணி நனைந்து அவள் பாதத்தோடு ஒட்டிக் கிடந்தது.

"கொண்டாங்க," என்றான்.

தலைச்சுமையாகக் கொண்டுவந்தார்கள். ஈரக் கட்டைகளை உருவிவிட்டு, அடியில் காற்றுப் போக வழி விட்டு, இண்டு இடுக்கெல்லாம் சிராய் செருகினார்கள். பொன்னுச்சாமி மறுபடி கொள்ளி வைத்தான். தீ பிடித்துக்கொண்டது. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. அப்படி இருந்ததற்காகவே அழுகை வந்தது.

மற்றச் சட்டிகளைப் போல ராக்குச் சட்டியைச் சூளையில் ஆறவிட்டு எடுப்பதில்லை. செக்கச்செவேலென்று சிவந்திருக்கும்போதே நீள இடுக்கியால் வெளியே எடுத்து மரத்தூளில் புதைக்க வேண்டும். நிறம் பார்த்துச் சொல்வது ஞானவேல். எடுப்பது கண்மணி. இதையெல்லாம் புருஷனுக்குச் சோறு போட்டுக்கொண்டே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். "ஒரு நாளு வந்துதான் பாருங்களேன்," என்பாள். கடைச் சோலி கிடக்கிறது என்று ஒரு சனிக்கிழமைகூடப் பொன்னுச்சாமி போனதில்லை.

நெருப்பின் நடுப்பகுதி நன்றாகச் சிவந்துவிட்டது. ஞானவேல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதையே பார்த்தபடி நின்றான். பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பழுத்துருச்சு. எடுக்கலாம்க்கா."

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான். மாஸ்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

பொன்னுச்சாமி நெருப்பை நோக்கி நடந்தான். நாலு எட்டு போன பிறகே திருமலைச்சாமி ஓடிவந்து கையைப் பிடித்தான்.

"மாப்ளே! எங்க போறீங்க?"

"எடுக்கலாம்னு தம்பி சொல்லுதே," என்றான் பொன்னுச்சாமி.