பேராசிரியர் ஸ்மிலியானிச்சின் கணையம்

எங்கள் நிறுவனத்தின் பெருமை ஆர்.எஸ்-9 என்ற புரதம், புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் ஒரு 'மார்க்கர்'. ரத்தத்தில் அதன் அளவு நாற்பதைத் தாண்டினால் கணையத்தில் புற்றுக்கட்டி இருக்கிறது என்று பொருள். கட்டி எந்த ஸ்கேனுக்கும் அகப்படாத அளவு சிறியதாக இருந்தாலும் சரி, ஆர்.எஸ்-9 காட்டிக்கொடுத்துவிடும். ஆர் என்றால் ராதிவோயே, எஸ் என்றால் ஸ்மிலியானிச். இரண்டையும் சேர்த்தால் எங்கள் பேராசிரியரின் பெயர் வருவது தற்செயல் என்று அவரே மூன்று மாநாடுகளில் விளக்கியிருக்கிறார். ஒன்பது எதற்கென்றால், முதல் எட்டும் வேலை செய்யவில்லை.

நான் விதொசாவா. ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் விதா. வரும் ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜில் போட்டுச் சுழற்றி, மேலே நிற்கும் மஞ்சள் தெளிவைப் பிரித்து, அதில் எது எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்வது என் வேலை. இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன். அளப்பது நான், வியப்பது மற்றவர்கள்.

ஆர்.எஸ்-9 கண்டுபிடிக்கப்பட்ட விதம் எளிமையானது. கணையப் புற்றுநோயாளிகள் இருநூற்றுப் பதினோரு பேரின் ரத்தத்தையும், நோயில்லாத இருநூறு பேரின் ரத்தத்தையும் ஒப்பிட்டோம். நோயாளிகளிடம் புரதம் மலைபோல் இருந்தது, மற்றவர்களிடம் மடுபோல். எண்கள் வந்த பிறகு அதற்கான மூலக்கூறு இயங்குமுறையைப் பேராசிரியர் ஒரே வார இறுதியில் வரைந்துவிட்டார். எந்த மரபணு எந்தப் புரதத்தை எழுப்புகிறது, அது எந்தக் கதவைத் தட்டுகிறது என்று இருபத்துமூன்று அம்புக்குறிகள். அவற்றில் இரண்டு எங்கேயும் போய்ச் சேரவில்லை. வெளிநாட்டு மதிப்பீட்டாளர்கள் அந்த இரண்டையும்தான் குறிப்பாகப் பாராட்டியிருந்தார்கள்.

நோயில்லாத இருநூறு பேர் யார் என்றால் நாங்கள்தான். ஊழியர்கள், ஊழியர்களின் மைத்துனிகள், சம்பந்திகள். எங்கள் ரத்தத்தை எங்கள் மாடியிலேயே எடுத்தோம். இயந்திரங்களுக்காக எப்போதும் குளிராக வைத்திருக்கும் அறை அது. கையில் ஊசி ஏறிய பத்தாவது நிமிடம் ரத்தம் சுழன்றுகொண்டிருக்கும்.

நோயாளிகளின் ரத்தம் முற்றத்துக்கு அந்தப் பக்கம், வார்டிலிருந்து வந்தது. வார்டு தலைமை நர்ஸ் ஸ்லவோய்காவின் ராஜ்யம். ஸ்லவோய்கா புற்றுநோய்க்குப் பயந்தவள் அல்ல. அவள் பயப்படுவது குறுக்குக் காற்றுக்கு. எதிரெதிரே இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும், முகம் கோணிப்போகும், சிறுநீரகத்துக்குச் சளி பிடிக்கும் என்பதில் எங்கள் நாட்டில் படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் கிடையாது. ஆனால் மற்றவர்கள் சும்மா நம்புகிறார்கள், ஸ்லவோய்கா நிர்வாகம் செய்தாள். ஜூலை மாதத்திலும் வார்டில் ஒரு ஜன்னல் திறக்காது. ஏசி இருந்தது, அதன்மேல் ஒரு துண்டு தொங்கியது. எடுத்த ரத்தக் குழாய்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக நிறுத்துவாள். கோடையில் அதன்மேல் வெயில், குளிர்காலத்தில் அதன்கீழ் ஹீட்டர். வார்டு ஊழியர் மிலூன் காபி குடித்து முடித்ததும் எங்களிடம் கொண்டுவருவார். மிலூனின் காபி சீக்கிரம் முடிகிற ரகம் அல்ல.

எடுத்த நேரம், சுழற்றிய நேரம் என்று படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. எட்டு மணி, எட்டு இருபது என்று ஸ்லவோய்கா ஒரு வாரத்துக்கான படிவங்களைத் திங்கட்கிழமையே நிரப்பிவிடுவாள். ஒழுங்கான பெண்மணி.

ஒருமுறை நான் பேராசிரியரிடம் சொன்னேன்.

"ப்ரொபசர், வார்டுலேர்ந்து வர்ற ரத்தம் சூடா இருக்கு."

"ரத்தம் சூடாத்தான் இருக்கும் விதா. உயிரோட இருக்கிறவங்க ரத்தம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரத்தம் சூட்டில் நின்றால் அதிலுள்ள தட்டணுக்கள் உடைந்து உள்ளே இருக்கும் புரதங்களையெல்லாம் வெளியே கொட்டும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு டாக்டர் பட்டம் கிடையாது, அவருக்கு இரண்டு.

வரும் செப்டம்பரில் ரயில்வே ஊழியர்கள் ஆயிரம் பேருக்கு ஆர்.எஸ்-9 பரிசோதனை நடத்துவது என்று அமைச்சகம் முடிவு செய்தது. அளவு கூடியிருந்து ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால், காத்திருக்காமல் கணையத்தில் பாதியை எடுத்துவிட வேண்டும் என்பது பேராசிரியரின் பரிந்துரை. அதற்கான தொடக்க விழா ஜூலையில், வார்டின் பெரிய கூடத்தில் நடந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள். பேராசிரியர் அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததே அன்றுதான் முதல் தடவை. சட்டைக்கையை மடித்து, கேமராவைப் பார்த்து, "இது ஒரு ஆரோக்கியமான மனுஷனோட ரத்தம். முதல்ல என்னைச் சோதிச்சுப் பாருங்க" என்றார். ஸ்லவோய்கா எடுத்தாள். எடுத்த குழாயை வழக்கமான இடத்தில் வைத்தாள். பிறகு ஐந்து பேர் பேசினார்கள். அமைச்சகச் செயலாளர் இரண்டு முறை பேசினார். யாரோ ஜன்னலைத் திறக்கப் போனார்கள். "கேமராவுக்கு முன்னாடி எல்லாருக்கும் முகம் கோணணுமா?" என்று ஸ்லவோய்கா மூடிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து அளந்தேன். முந்நூற்று நாற்பது.

மறுபடி அளந்தேன். முந்நூற்று நாற்பத்தொன்று. மூன்றாவது தடவையும் அதே. தாளை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

பேராசிரியரின் முகத்தில் ரத்தம் இல்லை. தாளை வெகுநேரம் பார்த்தார்.

"மூணு தடவை பாத்தியா?"

"பாத்தேன்."

"மூணு தடவையும் ஒரே எண்ணா?" குரலில் மெல்ல உயிர் வந்தது. "எவ்வளவு துல்லியம், பாரு!"

"ப்ரொபசர், அந்த ரத்தம் வெயில்ல நின்னது. இன்னொரு தடவை எடுத்து உடனே சுத்திப் பாத்துடலாம்."

"விதா, ஆர்.எஸ்-9 இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. மறுபடி எடுக்கச் சொன்னா, அதை நானே நம்பலைன்னு ஆகும். நாளைக்கு ரயில்வேக்காரன் ஒவ்வொருத்தனும் மறுபடி எடுங்கம்பான்."

அன்று மாலைக்குள் நகரத்திலேயே நல்ல ஸ்கேனில் படுத்தார். ஒன்றும் இல்லை. இதைவிடத் தெளிவான ஆதாரம் வேண்டுமா? எந்த ஸ்கேனுக்கும் முன்பே ஆர்.எஸ்-9 காட்டும் என்று கட்டுரையில் எழுதியவரே அவர்தானே. ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி அவரது கணையத்தில் பாதியை எடுப்பது என்று முடிவாயிற்று.

ஸ்மிலியானிச்சை நான் இருபது வருடமாகப் பார்க்கிறேன், அந்த மூன்று வாரம்போல் அவர் பூரித்து நான் பார்த்ததில்லை. 'தன் நோயைத் தானே கண்டுபிடித்தவர்' என்று பத்திரிகைகள் எழுதின. பத்து வருடமாக அவர் வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லாத அறிவியல் கழகத்துக்காரர்கள் பூங்கொத்தோடு வந்தார்கள். அவருக்கு வலிகூட வந்துவிட்டது. முதலில் வலப்பக்கம் வந்தது. கணையத்தின் வால் இடப்பக்கம் என்று யாரோ நினைவூட்டிய பிறகு இடப்பக்கம் நகர்ந்தது.

அவர் மனைவி ஸகோர்கா ஒருநாள் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். அவள் பல் மருத்துவர். வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள், தானும் தயங்காமல் திறப்பாள். அடுப்பில் கறியும் அரிசியும் திணித்த குடைமிளகாய் வெந்துகொண்டிருந்தது. பேராசிரியர் நாற்காலியில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

"விதா, நீயே சொல்லு. இவருக்கு நோய் இருக்கா?"

"எனக்குத் தெரியலம்மா. அந்த ரத்தத்தை நம்ப முடியாதுங்கறது மட்டும் தெரியும்."

"கேட்டீங்களா?" என்று கணவன் பக்கம் திரும்பினாள். "ஒண்ணு நீங்க நோயாளியா இருக்கணும், இல்ல உங்க மார்க்கர் முட்டாளா இருக்கணும். எதுன்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி சமைக்கிறேன்."

"உனக்கு அறிவியல் புரியாது, ஸகோர்கா."

"எனக்கு உங்க வயிறு புரியும். முப்பத்தோரு வருஷமா நிரப்பிட்டிருக்கேன். நேத்து ராத்திரி பன்னி வறுவல் ஒரு தட்டு உள்ளே போச்சு. கணையம் கெட்டவன் தின்கிற தீனியா அது?"

"அது ஆரம்பக் கட்டம்" என்றார் பேராசிரியர் கம்பீரமாக. குடைமிளகாய் மூன்று சாப்பிட்டார்.

வாசல்வரை வந்த ஸகோர்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "முப்பது பேர்ல ஒருத்தர் அந்த ஆபரேஷன் மேஜையிலேர்ந்து எழுந்திரிக்கறதில்லையாம். வெட்டப்போற டாக்டரே சொன்னான். இந்த மனுஷன் சாகக்கூடத் தயார்டி, தப்புன்னு சொல்ல மட்டும் வாய் வராது."

ஒன்பதாம் தேதி காலை நான் வார்டில் இருந்தேன். வெட்டி எடுக்கும் கணையத்தை உடனே உறைய வைக்க வேண்டும் என்று பேராசிரியரே எழுத்து மூலம் உத்தரவிட்டிருந்தார். ஐஸ்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். அவர் பின்பக்கம் முடிச்சுப் போடும் அங்கியில் இருந்தார். அறுவை மருத்துவர் திஹோமிர் வந்து, இனி காலமெல்லாம் இன்சுலின் ஊசி, பிளம் பிராந்தி ஒரு சொட்டும் கூடாது, பன்றிக் கொழுப்பை மறந்துவிட வேண்டும் என்று ஒப்புதல் படிவத்தை வாசித்தார். பேராசிரியர் மறுபேச்சின்றிக் கையெழுத்துப் போட்டார். பிராந்தி என்ற இடத்தில் மட்டும் பேனா கொஞ்சம் நின்றது.

திஹோமிர் கை கழுவப் போனார். ஸ்லவோய்கா வந்து, அறுவைக்கு முந்தைய கடைசி ரத்தத்தை எடுத்தாள். குழாயை ஜன்னல் விளிம்பில் நிறுத்தினாள்.

கட்டிலில் படுத்திருப்பவனுக்குப் பார்க்க வேறென்ன இருக்கிறது? பேராசிரியர் அந்தக் குழாயைப் பார்த்தார். வெயில் அதன்மேல் நேராக விழுந்தது. ஐந்து நிமிடம் போயிற்று. பத்து போயிற்று. அவர் நெற்றியில் வேர்த்தது.

"சிஸ்டர், அந்தக் குழாயை யாரு எடுத்துட்டுப் போவாங்க?"

"மிலூன் வருவாரு, ப்ரொபசர். காபி குடிச்சிட்டு இருக்காரு."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"எப்பவும் ஆகுற நேரம்தான்."

"எப்பவும்னா?"

"ஒரு மணி நேரம். வேலை இருந்தா ரெண்டு."

பேராசிரியர் தலையணையிலிருந்து எழுந்தார். "படிவத்துல இருபது நிமிஷம்னு இருக்கே!"

"படிவத்துல இருபது நிமிஷம்னுதானே கேட்டிருக்கு" என்றாள் ஸ்லவோய்கா.

"அந்த ஜன்னலையாவது திற! வேகுது இங்க!"

"வெறும் வயித்துல, முதுகு திறந்த அங்கியில, குறுக்குக் காத்தா?" ஸ்லவோய்கா உண்மையிலேயே அதிர்ந்துபோனாள். "என் வார்டுல யாரும் அப்படிச் சாகமாட்டாங்க."

மூன்று வருடத்தில் ரத்தம் நடக்கும் பாதையை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இருநூற்றுப் பதினோரு பேருடையது அந்த விளிம்பில் நின்றபோது கேட்காத கேள்விகளையெல்லாம் தன்னுடையது நின்றதும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார். பிறகு கையை என் பக்கம் நீட்டினார்.

"விதா, இப்பவே எடு. ஓடு."

எடுத்தேன். ஐம்பத்துநாலு வயதில் முற்றத்தைக் கடந்து ஓடினேன். அறுவைக்கூடத்துக்குப் பேராசிரியருக்குத் தும்மல் என்று சொல்லி அனுப்பப்பட்டது. தும்மலை ஸ்லவோய்கா யார்மேலும் பழி போடாமல் ஏற்றுக்கொண்டாள். தான் ஜன்னலைத் திறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். நான்கு மணி நேரம் கழித்து இரண்டு தாள்களோடு திரும்பினேன். ஓடிக் கொண்டுபோன ரத்தம்: பதினொன்று. மிலூன் கொண்டுவந்த ரத்தம்: இருநூற்றுத் தொண்ணூறு. ஒரே கை, ஒரே காலை.

அவர் இரண்டையும் படித்தார். பிறகு போர்வையை விலக்கி, "என் கால்சட்டை எங்கே?" என்றார்.

"அப்ப கணையம்?" என்றார் திஹோமிர். இரண்டாவது தடவை கை கழுவிவிட்டு வந்திருந்தார்.

"கணையம் என்கிட்டயே இருக்கட்டும். நாம பெரிய விஷயம் ஒண்ணைக் கண்டுபிடிச்சிருக்கோம். ரத்தம் சூட்டுல நின்னா புற்றுநோய் மார்க்கர்கள் எப்படி நடந்துக்கும்? உலகத்துல யாரும் இந்த அளவுல ஆராய்ஞ்சதில்ல. இருநூத்துப் பதினோரு பேர்! மூணு வருஷம்!"

"அது நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்றது வேற விதா, ஆராயறது வேற. உனக்கு நன்றியுரையில ஒரு வரி உண்டு."

திஹோமிர் தொண்டையைச் செருமினார். "ப்ரொபசர், நான் வெட்டறதுக்குத் தயாரா இருந்தேன். அதுக்கு ஒரு மதிப்பு உண்டில்லையா?"

"கட்டுரையில மூணாவது பேரு உங்களோடது" என்றார் பேராசிரியர், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே. நல்ல மனிதர்தான், உயிரோடு இருப்பதில் சந்தோஷமாக இருந்தால்.

அங்கேயே, அந்தக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அமைச்சகத்துக்கான கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ரயில்வே ஊழியர் பரிசோதனை நிறுத்திவைக்கப்படுகிறது, காரணம் பேராசிரியர் ஸ்மிலியானிச் தன் உடலையே பணயம் வைத்து நடத்திய ஒரு துணிச்சலான சோதனை, அதன் முடிவுகள் துறையையே புரட்டிப்போடும். ஆயிரம் கணையங்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று நானும் ஒரு சொல்லும் மறுக்காமல் எழுதினேன். முதல் பிரதியில் எப்படியோ 'பிழை' என்ற சொல் ஓரிடத்தில் விழுந்துவிட்டது. அவர் அதைக் கோடிட்டு அடித்துவிட்டு, சுத்தமாக இன்னொரு பிரதி எடுக்கச் சொன்னார்.