புன்னைக் கோல் வளைந்த கதை

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் எழுதத் தொடங்கியது ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக. கதை எழுதுகிறவளிடம் யாரும் சத்தியம் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன். இப்போது நாலாவது பிரதி. பொய் இளைத்துவிட்டது, கதைதான் கொழுத்துக்கொண்டு போகிறது.

விஷயம் சின்னது. மன்னார்த் தீவில் கீரிக் கரையில் மீன்பிடிக்கிற என் கணவர் நிப்ராஸும், முருங்கனில் மரக்கடைச்சல் பட்டறை வைத்திருக்கிற டிலோஜனும் பன்னிரண்டு வருடச் சிநேகிதர்கள். ஏழு கிழமையாக, ஒன்றரை மாதத்துக்கும் மேலாக, அவர்களுக்குள் பேச்சில்லை. காரணம் ஒரு தடி. [தடி என்று எழுதினால் நிப்ராஸ் கோபிப்பார். பூல் பந்தாட்டத்தில் அதைக் கியூ என்று சொல்ல வேண்டுமாம்.]

தொடக்கம் மூன்று முறை எழுதினேன்.

கீரிக் கடற்கரையில் அந்திச் சூரியன் மெல்ல

இல்லை. சூரியனுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பூல் மேசையின் பச்சைத் துணியின் மேல்

எங்கள் ஊர் மேசையின் துணி நீலம்.

முன்னொரு காலத்தில் இரண்டு நண்பர்கள்

போன கார்த்திகை வரைக்கும் நண்பர்கள்தான். முன்னொரு காலமாம்! எழுதும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது, அதனால் வெட்டினேன்.

2

பூல் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். பதினைந்து பந்துகளை முக்கோணமாக நெருக்கி அடுக்கி வைப்பார்கள். முதல் அடி அந்த அடுக்கைச் சிதறடிக்க வேண்டும். அதற்குப் பெயர் பிறேக். பலத்த அடி என்பதால் அதற்கென்று தனியாக ஒரு கியூ வைத்திருப்பார்கள். அது இரண்டு துண்டு, நடுவில் திருகிப் பூட்டுவது. கையில் பிடிக்கிற பின்பாதி எந்த மரமாக இருந்தாலும் சமாளிக்கலாம். பந்தைத் தொடுகிற முன்பாதியில்தான் விஷயம் இருக்கிறது.*

* இதையெல்லாம் நான் விரும்பிப் படிக்கவில்லை. பன்னிரண்டு வருடம் இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கியது.

எங்கள் ஊர்க் கழகத்துக்கு இருவரும் சோடியாக ஆடுவார்கள்: பிறேக் அடிப்பது நிப்ராஸ், அதன்பின் பந்துகளை ஒவ்வொன்றாகக் குழியில் போடுவது டிலோஜன். போன வருடம் வள்ளத்தைக் கரைக்கு இழுக்கும்போது நிப்ராஸின் வலது தோளில் தசை கிழிந்தது. பழைய கியூவின் முன்பாதி முதிரை மரம், நல்ல பாரம். அதை வீச அவரால் முடியவில்லை. கழகத்தில் வேறொருவரைப் பிறேக் அடிக்க விடலாமா என்று பேச்சு எழுந்தது. அன்று வீட்டுக்கு வந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவரை நான் பார்த்தேன். டிலோஜனும் பார்த்தார்.

"தோளை மாத்தேலாது மச்சான்," என்றார் டிலோஜன். "தடியை மாத்துவம்."

(அவரும் தடி என்றுதான் சொல்லுவார். அவரை மட்டும் நிப்ராஸ் திருத்தமாட்டார்.)

3

மரம் தேர்ந்த நாளில் நானும் முருங்கன் பட்டறையில் இருந்தேன். இந்தப் பகுதியை எந்தப் பிரதியிலும் நான் மாற்றவில்லை.

சுவரோடு பதினொரு துண்டுகள் சாத்தியிருந்தன. நிப்ராஸ் நேரே முதிரையிடம் போனார்.

"மரமெண்டா இதுதான்ரா."

"மரம்தான், ஆர் இல்லையெண்டது? உனக்கு வேணுமெண்டது பாரமில்லை, வேகம். பந்து பாரத்துக்குப் பயப்பிடாது. வேகத்துக்குத்தான் பயப்பிடும்."

"அப்ப பாலை மரம்?"

"தூக்கிப் பார்."

தூக்கினார். முகத்தைச் சுளித்து, தோளுக்காக இல்லை என்பதுபோலக் காட்டிக்கொண்டு வைத்தார். பூவரசில் நீளத்துக்கு நேரான துண்டு அகப்படவில்லை. மிஞ்சியது புன்னை. பாய்மரத்துக்குப் போகிற மரம். முதிரையைவிட இலேசு, ஆனால் லேசில் வளையாது.

டிலோஜன் ஒவ்வொரு புன்னைத் துண்டாக எடுத்து, சீமெந்துத் தரைக்கு ஒரு சாண் மேலே நிமிர்த்திப் பிடித்துக் கைவிடுவார். தரையைத் தொட்டதும் மறுகையால் பிடித்துக்கொள்வார். உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் அடைக்குமாம். ஆறு துண்டு அடைத்தது. ஏழாவது, தட்டிய பித்தளைச் செம்பு மாதிரிக் கணீர் என்றது. பிறகு வெளிச்சத்தில் வைத்து ரேகை பார்த்தார்.

"இந்த வரி நுனியிலயிருந்து அடிவரைக்கும் ஒரே ஓட்டமா ஓடோணும். நடுவழியில வெளியால இறங்கினா, அடி விழேக்க அதிலதான் பிளக்கும். அக்கா, நீங்களும் ஒருக்காப் போட்டுப் பாருங்கோ."

போட்டேன். எனக்கு மரம் விழுந்த சத்தம்தான் கேட்டது. "நல்ல சத்தம்," என்றேன்.

துண்டைப் பருமனாகக் கடைந்து எங்களிடம் தந்தார். "ஒரே நாளில முழுக்கச் சீவினா மரம் வளைஞ்சிடும். நாலு மாசம் நூலில தூக்கி விடுங்கோ. என்ர பட்டறையில இல்லை, உங்கட வீட்டில. நீ விளையாடப் போறது உன்ர ஊர்க் காத்தில."

அறைக் கூரை வளையில் நூல் கட்டித் தூக்கினோம். நிப்ராஸ் அதைத் தொட்டில் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

4

இங்கேதான் பாத்தும்மா வருகிறாள்.

முதல் பிரதியில் பக்கத்து வீட்டுக்காரி பாத்தும்மா, எங்களுக்கு உதவி செய்வதாக நினைத்து, அந்தக் கோலைக் கடலில் ஊறப்போடுகிறாள். அவளுக்கு ஐந்து ஆடுகள், ஒரு பழைய வானொலி, எல்லாவற்றுக்கும் ஒரு "அல்லாஹ்வே" எல்லாம் கொடுத்தேன். எழுத எழுத எனக்கு அவளை அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. பழியை அவள் தலையில் போட மனம் வரவில்லை. எங்கள் தெருவில் பாத்தும்மா என்று எவளும் இல்லை.

இரண்டாம் பிரதியில் கூரை ஒழுகியது. சித்திரை மாதத்தில்! அதை நானே நம்பவில்லை.

கோலைக் கடலில் போட்டது நான். ஸரீனா.

இடம்பெயர்ந்திருந்த புத்தளத்திலிருந்து திரும்பி வந்து வீடு போட்டபோது, கூரைப் பனைமரங்களை உளு என்கிற மரப்பூச்சி அரிக்காமலிருக்க ஒரு மாதம் கடலுக்குள் அமிழ்த்தித் தாட்டு வைத்தோம். எங்கள் கரையில் எல்லாரும் செய்வதுதான். இன்றுவரை அந்தக் கூரையில் ஒரு துளை இல்லை. சித்திரையில் நிப்ராஸ் தோள் வைத்தியத்துக்குக் கொழும்பு போனார். அறையைக் கூட்டினேன். தொங்கிய கோலுக்குக் கீழே வெள்ளைத் தூள். உளு! இந்த மனுசனின் தோளும் போய் மரமும் போனால் என்ன மிஞ்சும்? கல்லைக் கட்டி, வள்ளம் கட்டுகிற இடத்தில் எட்டு நாள் தாட்டேன். கிணற்றுத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, திரும்பத் தூக்கினேன். அவர் வந்ததும் பெருமையாகச் சொல்ல இருந்தேன். ஊசி போட்ட கதை, வலித்த கதை எல்லாம் கேட்டதில் அது தவறிவிட்டது.

இரண்டு நாள் கழித்து, நான் படிப்பிக்கிற பின்னேர வகுப்பிலிருந்து வழமையைவிட நேரத்தோடு வந்துவிட்டேன். நிப்ராஸ் கோலை இறக்கி, அது வழுக்கி ஓடுவதற்காக இடக்கையில் பேபி பவுடர் பூசி, விரல்களுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். பவுடர் தரையில் கொட்டியது.

உளு மரத்தில் இல்லை, என் தலைக்குள் இருந்திருக்கிறது. சொல்ல வெட்கமாக இருந்தது. எட்டு நாள் தண்ணீர் என்ன செய்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

5

அதுவரைக்கும் அது வெறும் முட்டாள்தனம். பாவமானது ஆடி மாதத்தில்.

நாலு மாதம் கழித்துத் தன் பட்டறைக்கு எடுத்துப் போய்க் கடைசியாகச் சீவி முடித்த கோலோடு டிலோஜன் கீரிக்கு வந்தார். நான் தேத்தண்ணி கொண்டு போனேன்.

"மச்சான், கடைசிச் சீவலில தூள் பறக்கேல்லை. உளியில ஒட்டிச்சுது. எங்கயும் நனைஞ்சதோ?"

நிப்ராஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். "என்ர வீட்டில ஆரடா நனைக்கிறது? ஸரீனா காவல் இருக்கிற வீடு."

நான் கோப்பைகளை வைத்தேன். "சீனி காணுமோ, இன்னும் போடவோ?" என்று கேட்டேன்.

இந்த வரியை எழுத எனக்கு நாலு பிரதி எடுத்தது.

சோளகக் காற்று காய்ந்து வீசிய மாதங்களில் கோல் நேராகத்தான் இருந்தது. நிப்ராஸ் திரும்பப் பிறேக் அடித்தார். பந்துகள் சிதறுகிற சத்தம் தெருவுக்குக் கேட்கும். கார்த்திகையில் மழை பிடித்தது. உப்பு ஏறிய மரம் ஈரத்தை இழுக்கும். மழைநாளில் கருவாட்டுச் சாக்குக் கசிவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? மன்னார் நகரில் கழகங்களுக்கிடையிலான இறுதிப் போட்டியன்று வளைந்த நுனி பந்தின் ஓரத்தில் பட்டு, வெள்ளைப் பந்து மேசையை விட்டுக் குதித்துக் கதிரைகளுக்கு அடியில் ஓடியது.

"பச்சை மரத்தைக் கடைஞ்சு என்ர கையில தந்திட்டான்!" என்று எல்லார் முன்னாலும் நிப்ராஸ் கத்தினார்.

டிலோஜன் கோலை வாங்கி, ஒரு கண்ணை மூடி நீளத்துக்குப் பார்த்தார். திரும்பக் கொடுத்தார். "நல்லாப் பாத்துத்தான் எடுத்தனான் மச்சான்," என்றார். மழையோடேயே மோட்டார்சைக்கிளில் போய்விட்டார்.

6

போன செவ்வாய் டிலோஜனின் மனைவி யதுர்சிகா எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, இவர் இப்ப ஒவ்வொரு கட்டையையும் பத்துத் தரம் போட்டுப் பாக்கிறார். கட்டில் காலுக்கு மரம் எடுக்கவும் என்னைக் கூப்பிடுறார். 'உனக்கு இது சரியாக் கேக்குதோ?' எண்டு கேக்கிறார். எனக்கென்ன தெரியும் அக்கா?"

"நீ என்ன சொன்னனீ?"

"நல்ல சத்தம் எண்டு சொன்னனான்."

ஃபோனை வைத்தேன். சிநேகிதத்தை மட்டுமல்ல, அந்த மனிதரின் காதையும் நான் கெடுத்துவிட்டேன். அவர் தேர்ந்த மரத்தில் ஒரு குற்றமும் இல்லை. அது தெரிந்தவள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

7

முடிவுகள்.

(அ) நான் சொல்கிறேன், நிப்ராஸ் விழுந்து விழுந்து சிரிக்கிறார். [வெட்டு. அவர் அப்படிச் சிரிக்கிறவர் இல்லை.]

(ஆ) டிலோஜன் மரத்தை நாக்கில் வைத்துப் பார்த்து உப்பைக் கண்டுபிடிக்கிறார், நான் கேட்குமுன்பே மன்னிக்கிறார். அழகான முடிவு. ஆனால் அதில் நான் ஒன்றும் செய்யவில்லை, தேத்தண்ணி கொடுத்ததைத் தவிர.

(இ) யாருக்கும் தெரியாமலே காலம் எல்லாவற்றையும்

காலம் ஒன்றையும் செய்யாது. ஏழு கிழமை பார்த்துவிட்டேன்.

8

வாசகர்களே, நீங்கள் இதோடு எழும்பலாம். இனி இருக்கிறது ஒருவருக்கு மட்டும்.

நிப்ராஸ், நீங்கள் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறீர்கள். இந்தத் தாள்களை உங்கள் மடியில் வைத்துவிட்டு நான் வாசலில் நிற்பேன். வாயால் சொல்லத் தொடங்கினால் மறுபடியும் சீனியைப் பற்றித்தான் கேட்பேன் என்று பயம், அதனால்தான் எழுதினேன். என் வீட்டில் யாரும் நனைக்கமாட்டார்கள் என்று என்னை நம்பிச் சொன்னீர்கள். அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தது டிலோஜன்.

முடிவை நான் எழுதவில்லை. அது உங்கள் வாயிலிருந்து வரட்டும். கோபம் எவ்வளவு வந்தாலும் வரட்டும், ஆனால் முதலில் முருங்கனுக்கு ஃபோன் எடுங்கோ. அவர் தேர்ந்த மரம் நல்ல மரம் என்று சொல்லுங்கோ. அதற்குப் பிறகு உள்ளுக்கு வாங்கோ.

டிலோஜனைத் திட்டினது காணும். இனி என்னைத் திட்டுங்கோ.