ஓசை எழாத கால்கள்

சுதந்திர விழாவுக்கு இரண்டு வாரமே இருந்தது. பாடாங் திடலில் ஆட எட்டுப் பெண்கள் வேண்டும். பள்ளியில் புதிதாக நடனம் கற்க வந்தவர்களோ பன்னிரண்டு பேர். முதல் பாடமான தட்டடவில், முழங்கால் மடித்து நின்று பாதத்தை ஓங்கித் தட்ட வேண்டும். அதிலேயே கோகிலா தடுமாறினாள்.

“தரைக்கு வலிக்கும்னு பார்க்கிறியா?” என்றார் சாரதாம்பாள் டீச்சர். “வெள்ளிக்கிழமை ஆளை எடுக்கும்போது எனக்குச் சத்தம் கேட்கணும். இல்லேன்னா நீ பூத்தட்டோட ஓரமா நிக்க வேண்டியதுதான்.”

“பூனை வருது, பாலை மூடுங்கடி!” என்றாள் ஜெயா. எல்லாரும் சிரித்தார்கள். கோகிலாவும் சிரித்து வைத்தாள்.

காரணத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. காஜா பெராங் தெருவில் தாவூத் பாயின் மளிகைக் கடைக்கு மேலே பலகைத் தளத்தில் அவர்கள் குடியிருந்தார்கள். அழுத்தி நடந்தால் இடுக்குகள் வழியே தூசி கொட்டும். கீழே அரிசி, பருப்பு மூட்டைகள் வாய் திறந்திருக்கும். “அடுத்தவங்க சோத்துல மண்ணைப் போடக் கூடாது” என்று அம்மா பொன்னம்மா, நடை பழகிய நாளிலேயே அவளை நுனிக்காலில் நடக்க வைத்திருந்தாள்.

அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. பள்ளி விட்டதும் தம்பிகளைக் குளிப்பாட்டுவது, துவைப்பது, உலை வைப்பது எல்லாம் கோகிலாதான். புதன்கிழமை வேலை முடிந்தபோது முழங்கால் கழன்றுவிடும்போல் இருந்தது. சாமி படத்துக்கு விளக்கேற்றினாள். வேண்டிக்கொள்ளக்கூட அலுப்பாக இருந்தது. போர்வையை நான்காய் மடித்துப் போட்டு அதன்மேல் மெல்லத் தட்டிப் பார்த்தாள்.

“கோகிலா! மேல என்ன புள்ள பண்றே?” கீழேயிருந்து பாயின் மனைவி ஜமீலாவின் குரல்.

பதறி இறங்கி ஓடினாள். “மன்னிச்சிருங்க மாமி. டான்ஸு... இனிமே ஆடமாட்டேன்.” வெள்ளிக்கிழமையைப் பற்றிச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. தூசி விழுந்த பருப்பைப் புடைத்துக்கொண்டே ஜமீலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் மாலை பள்ளியிலிருந்து வந்தபோது மூட்டைகள்மேல் தார்ப்பாய் விரித்திருந்தது.

“அரை மணி நேர யாவாரம் போச்சு” என்று முணுமுணுத்தார் பாய்.

“அல்லா குடுப்பான். நீங்க டீயை மூடி வச்சுக் குடிங்க” என்றாள் ஜமீலா. “ஏறிப் போய் ஆடு புள்ள!”

கோகிலா மேலே போய் நின்றாள். மனம் தட்டச் சொன்னது, கால் மறுத்தது.

“கேக்கல! சோறு திங்கலையா நீ?” கீழேயிருந்து ஜமீலா கத்தினாள்.

கண்ணை மூடிக்கொண்டு ஓங்கித் தட்டினாள். பலகை அதிர்ந்தது. தம்பிகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்தார்கள். குதிகால் எரிய எரியத் தட்டினாள். கீழே யாரோ சர்க்கரை கேட்பதும், பாய் பதில் சொல்வதும் காதில் விழுந்தன. “கொஞ்சம் நில்லுங்க. மேல புள்ள படிக்குது.”

வெள்ளிக்கிழமை டீச்சர் அவளை இருமுறை தட்டச் சொன்னார்.

“சத்தம் வந்துருச்சு. தாளம் வரல. கடைசி வரிசையில நில்லு. ஆனா தினமும் அரை மணி நேரம் பழகணும். வீட்டுல இடம் இருக்கா?”

“இருக்கு டீச்சர்.”

யாரையும் கேட்காமல் அப்படிச் சொல்லிவிட்டது அவளுக்கே வியப்பாக இருந்தது. வலிக்கும் காலோடு, துவைக்க வேண்டிய துணிகளை நினைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.