பாதி விரல் வைத்த ஓட்டு

பால்வாடி டீச்சர் லோகநாயகிக்கு வாய் கொஞ்சம் அதிகம். சும்மா இருந்திருந்தால் அன்றைக்கு அவள் அப்படி மாட்டிக்கொண்டிருக்க மாட்டாள்.

தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. வெள்ளானூர்ப் பெண்களில் பலர் அதுவரை புருஷன் சொன்ன சின்னத்தில் குத்திவிட்டு வந்தவர்கள்தான். இவர்களுக்கு ஓட்டுப் போடச் சொல்லித்தருகிறேன் என்று கிளம்பினாள் லோகநாயகி. அவர்கள் வேலைக்குப் போகிற கம்பெனிகளுக்கு லீவு நாளில் தெருப் பெண்களைப் பால்வாடியில் கூட்டினாள். மூலையில் மறைப்புக்கு ஒரு புடவை, ஓட்டுப் பெட்டிக்கு ஒரு பிஸ்கட் டின், முத்திரைக்கு ரப்பர் கட்டை, மை எல்லாம் தயார். சீட்டில் பூவையும் பழத்தையும் வரைந்திருக்கலாம். அசலாக இருக்கட்டும் என்று, தலைவர் பதவிக்கு நின்ற இரண்டு பேரின் சின்னங்களையே வரைந்து வைத்தாள். ஒன்று ஏணி, இன்னொன்று பூட்டு. ஊரே அந்த இரண்டாகப் பிரிந்து, சம்பந்தி வீட்டில்கூடக் கை நனைக்காமல் முறைத்துக்கொண்டிருந்த நேரம். புத்தி எங்கே போயிருந்ததோ!

எல்லோரும் போட்டு முடித்ததும் டின்னைப் பாயில் கவிழ்த்தாள்.

"எண்றப்போ எல்லாரும் பாக்கணும். ஒரு சீட்டக்கூட மறைக்கக் கூடாது. மறைச்சா அது எலெக்சனே இல்ல" என்று பாடம் வேறு நடத்தினாள்.

நாலைந்து சீட்டுகளைத் தூக்கிக் காட்டினாள். அடுத்ததைப் பிரித்தவள் கை அப்படியே நின்றது. முத்திரைக்குப் பதில் கைநாட்டு. ரேஷன் கடையிலும் சம்பளம் வாங்குகிற இடத்திலும் உருட்டிப் பழகிய விரல், இங்கேயும் உருட்டிவிட்டது. பூட்டின் மேல் விழுந்திருந்த அந்த ரேகை பாதியோடு நின்றிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் கண்ணம்மாவின் இடது கட்டைவிரலில் பாதியைக் கொண்டுபோனது தெரியாதவர் அந்தத் தெருவில் இல்லை.

கண்ணம்மாவின் புருஷன் கஜபதி, ஏணிக்காரர்களுக்கு அந்தத் தெருவில் எல்லாம் அவன்தான். போன வாரம் பொன்னியம்மன் கோயில் வாசலில் கற்பூரம் ஏற்றி, ஏணிக்கே போடுவோம் என்று பெண்களை அதன்மேல் கையடித்துச் சத்தியம் செய்ய வைத்திருந்தான். முதல் சத்தியம் கண்ணம்மாவுடையது. குழம்பில் உப்பு குறைந்ததற்கே அவள் முகம் வீங்கிக்கிடந்ததைத் தெரு பார்த்திருக்கிறது.

லோகநாயகி சீட்டை அவசரமாக மடித்தாள். "இது செல்லாது" என்றாள்.

"எங்க, காட்டுங்க டீச்சரம்மா."

வாசலில் கஜபதி நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. செருப்போடு உள்ளே வந்தான்.

"நானும் பூத்துல ஏஜெண்டா குந்திகீறேன். செல்லாத ஓட்டுன்னாலும் ஏஜெண்டுக்குக் காட்டுவாங்கோ. இப்பத்தான நீங்களே சொன்னீங்கோ, மறைக்கக் கூடாதுன்னு?"

"ஆமா டீச்சர், காட்டிடுங்க" என்றாள் பக்கத்தில் இருந்த வேம்புலியம்மாள், ஒன்றும் புரியாமல்.

சொன்னது சொன்னதுதான். அவன் கேட்பதும் நியாயம்தான். கண்ணம்மா சுவரோரம் இடது கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கஜபதி குனிந்து கையை நீட்டினான்.

லோகநாயகி சீட்டைச் சுருட்டி வாயில் போட்டு மென்றாள். மை கசந்தது. கண்ணில் நீர் முட்ட விழுங்கினாள்.

கஜபதி சிரித்தான்.

"ஓட்டையே துன்னுட்டாங்கய்யா! எங்க ஆளுங்ககூட இந்த வேலைய செஞ்சதில்ல. எவ ஓட்டும்மா அது? பூட்டுக்காரன்கிட்ட இன்னா வாங்கிகினு இந்த டிராமா? நாளைக்கே மேல சொல்லி இந்த டீச்சர் வேலைக்கு ஒரு வழி பண்றேன்."

பெண்கள் லோகநாயகியைப் பார்த்த பார்வை மாறியிருந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. வாயைத் திறந்தால் கண்ணம்மா மாட்டிக்கொள்வாள். வாழ்க்கையில் முதல் தடவையாக லோகநாயகி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர் துன்னது என் ஓட்டு" என்றபடி கண்ணம்மா எழுந்தாள். "நான்தான் வெரல் வச்சி கெடுத்துட்டேன். வேற சீட்டு குடுங்க."

சீட்டை வாங்கிக்கொண்டு புடவைக்குப் பின்னால் போனாள். ரப்பர் கட்டை பலகையில் இடிக்கிற சத்தம் கேட்டது. வெளியே வந்து, மடித்த சீட்டை டின்னில் போட்டாள். கஜபதி குனிந்து டின்னை எடுக்கப் போனான். லோகநாயகி அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள். அத்தனை பெண்கள் நடுவில் அவள் மடியில் கை வைக்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

"எதுலடி குத்துன?" என்று பெண்டாட்டி பக்கம் திரும்பினான். "கற்பூரத்து மேல கை அடிச்சவதான நீ?"

"அடிச்சேன்."

"அப்ப சொல்லு, எதுல?"

கண்ணம்மாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"ஊட்டுக்குப் போயி அடிச்சிக் கேப்ப. அப்பவும் சொல்லமாட்டேன். இப்பவே தெரிஞ்சிக்கோ."

சொல்லிவிட்டு அவனைத் தாண்டிக்கொண்டு வீட்டுப் பக்கமாக நடந்தாள். லோகநாயகி டின்னை இடுக்கிக்கொண்டு எழுந்து அவள் பின்னாலேயே ஓடினாள்.