கரடி கட்டிய பாலம்

ஒன்பது வருடக் குடித்தனத்தில் மனைவி அவனை ஒரு தடவைகூட 'நீ' என்று கூப்பிட்டதில்லை. 'நீங்க', 'வாங்க', 'சாப்டீங்களா' என்பதுதான் வழக்கம். அதை மரியாதை என்று எண்ணி அவன் உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தான். அந்தப் பூரிப்பெல்லாம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குத் தரைமட்டமானது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"டேய் கரடி, உன் கோடாரிய எங்கடா போட்ட? மழை வருது, சீக்கிரம் வா."

எட்டிப் பார்த்தான். அறையில் வேறு யாரும் இல்லை. காதில் ஹெட்போன், முன்னால் லேப்டாப். திரையில் ஒரு காடு, காட்டுக்கு நடுவில் ஏரி, ஏரிக்கரையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும் மரக் குடிசை. தலையில் கரடித்தோலைக் கவிழ்த்துக்கொண்ட ஒருவன் தோளில் ஒரு மரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தான்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். மூன்று மாதம் முன்பு கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டு ஆறு வாரம் படுக்கையில் கிடந்தபோது, பொழுது போகட்டும் என்று அவள் தம்பி போட்டுக் கொடுத்த விளையாட்டு அது. கால் சரியாகிவிட்டது, விளையாட்டு போகவில்லை. ஒன்றுமில்லாமல் கொண்டுபோய் ஒரு தீவில் இறக்கிவிடுவார்கள். கல்லையும் குச்சியையும் பொறுக்கிக் கோடாரி செய்ய வேண்டும். கோடாரியால் மரம் வெட்டி, மரத்தால் வீடு கட்ட வேண்டும். பசிக்கும், குளிரும், ஓநாய் வரும். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அங்கே அவள் பெயர் மின்மினி.

"யாரு அந்தக் கரடி?" என்று சாப்பிடும்போது கேட்டான்.

"கூட விளையாடறவன்."

"ஆம்பளையா?"

"கரடிங்க" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எந்த ஊரு, என்ன வேலை, ஏதாவது தெரியுமா?"

"டிரைவிங் ஸ்கூல்ல சொல்லித் தர்றானாம். நாள் பூரா பக்கத்து சீட்ல பிரேக்க மிதிச்சு மிதிச்சு முட்டி வலிக்குதுன்னு சொல்வான்."

"உனக்குக் கல்யாணம் ஆனத சொல்லிட்டியா?"

அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அவனைப் பார்த்தாள். "அவன் கேக்கல."

அந்த இரண்டு வார்த்தை அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவன் தச்சன். ஊரார் வீட்டுச் சமையலறைகளுக்கெல்லாம் அலமாரி பொருத்துகிறவன். கடந்த பத்து வருடத்தில் முந்நூறு சமையலறைக்கு மேல் பார்த்திருப்பான். கதவு தொங்காது, இழுப்பறை சிக்காது, மட்டம் வைத்துப் பார்த்தால் நீர்க்குமிழி நடுவில் நிற்கும். அப்பேர்ப்பட்டவன் வீட்டில் இருக்கும்போது, இவள் யாரோ ஒரு கார் வாத்தியாரோடு சேர்ந்து கோணல் குடிசை கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து அவன் கண்ணும் காதும் அந்த அறையிலேயே கிடந்தன. தண்ணீர் எடுக்கப் போவதுபோல் போய்ப் பார்த்தான், சார்ஜர் தேடுவதுபோல் போய்ப் பார்த்தான். கரடி இப்போது ஏரியின் குறுக்கே பாலம் கட்டிக்கொண்டிருந்தான். ஒரு முனை கரடியின் வீட்டு வாசலில் இருந்தது, மறு முனை மின்மினியின் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. வேறு எந்த இடமுமா கிடைக்கவில்லை என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையிலிருந்து வந்து கைகால் கழுவியதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம் தன்னைப் பார்த்து வந்ததில்லை என்பதை அவன் கணக்குப் பிசகாமல் கவனித்து வைத்தான்.

"இன்னைக்குப் பாலம் பாதி முடிஞ்சுது" என்று ஒரு நாள் அவளாகவே சொன்னாள்.

"தூண் எல்லாம் சாஞ்சு நிக்குது. குறுக்குக் கட்டை இல்லாம யாராவது இவ்ளோ தூரம் இழுப்பாங்களா?"

"நிக்குதுல்ல?"

"நிக்குது" என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தச் சனிக்கிழமை அவன் வேலைக்குப் போகவிருந்த வீட்டின் சொந்தக்காரி, அலமாரி நிறம் பிடிக்கவில்லை என்று கடைசி நேரத்தில் மாற்றிவிட்டாள். நான்காவது தடவை. பலகை வரும்வரை வேலை இல்லை. அவன் காலையில் பதினொரு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிட்டான். மனைவி கடையில் இருந்தாள். லேப்டாப் மேசைமேல் மூடிக் கிடந்தது.

பார்ப்பதற்காகத்தான் திறந்தான். அதில் பொய்யில்லை. மின்மினியாக ஏரிக்கரையில் நின்றான். ஏதோ பொத்தானை அழுத்த, குடிசைச் சுவரில் போய் முட்டிக்கொண்டான். வெளியே வர வழி தெரியாமல் பத்து நிமிடம் திண்டாடினான். மழையில் நனைந்து, குளிரில் திரை ஓரமெல்லாம் நீலமாகி, உயிர் போகிற கட்டத்தில் அடுப்பு மூட்டக் கற்றுக்கொண்டான். நெருப்பு பற்றியதும் அவனையறியாமல் கையை நீட்டிக் குளிர்காயப் போனான். நல்லவேளை, பார்க்க யாருமில்லை.

பிறகு பாலத்தில் ஏறி நடந்தான். முடிய ஏழெட்டுப் பலகைதான் பாக்கி. நடுவில் நின்று அந்தப் பக்கம் பார்த்தால் கரடியின் வீடு, இந்தப் பக்கம் பார்த்தால் இவள் வீடு. இரண்டு வாசலிலும் ஒரே மாதிரி விளக்கு மாட்டியிருந்தது. அந்த விளக்குதான் அவனைக் கெடுத்தது. கையில் சுத்தியலை எடுத்து, ஒரு பலகையை மட்டும் தட்டிப் பார்த்தான். பலகை கழன்று மின்மினியின் பைக்குள் வந்தது. இன்னொன்றைத் தட்டினான்.

இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. பாலத்தில் பாதிக்குமேல் கழற்றியிருந்தபோது திரையின் மூலையில் எழுத்து ஓடியது.

"மின்மினி, இன்னைக்கு லீவா? என்ன பண்ற?"

எதிர்க்கரையில் கரடித்தோல் தெரிந்தது. மூடிவிட்டு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. இரண்டு விரலால் தட்டினான். "பாலத்த எடுக்கறேன்."

"ஏன்?"

"இனிமே வேண்டாம்."

கரடி கரையில் ஒருமுறை உட்கார்ந்தான், எழுந்தான். பிறகு காணாமல் போனான்.

மிச்சத்தையும் கழற்றி முடித்து, சாமான்களை மின்மினியின் குடிசைக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் கொண்டுபோய் வைத்தான். அவள் வருவதற்குள் லேப்டாப்பை மூடிக் குளித்துவிட்டு, செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டான்.

மாலையில் அறையிலிருந்து அவள் குரல் வந்தது. "பாலத்தக் காணோம்."

"எந்தப் பாலம்?" என்றான். தன் வாய் இவ்வளவு சரளமாகப் பொய் பேசும் என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. கரடி அன்று வரவில்லை, மறுநாளும் வரவில்லை.

முதல் நாள் அவனுக்கு இனித்தது. அவள் இரவு எட்டு மணிக்கே விளையாட்டை விட்டு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டாம் நாளும் உட்கார்ந்தாள், ஆனால் பேசவில்லை. மூன்றாம் நாள் அறைக்குள் எட்டிப் பார்த்தான். மின்மினி மரம் வெட்டாமல், நெருப்பு மூட்டாமல், மழையில் கரையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகச் சொன்னாள்: "அன்னைக்கு அவன் காரோட்டறதக் கிண்டல் பண்ணேன். அதுக்குக் கோவிச்சுக்கிட்டு உடைச்சுட்டுப் போயிட்டானோ என்னவோ. கோவப்படற ஆளாத் தெரியல."

தான் செய்த வேலையை அவள் கரடியின் தலையில் கட்டுகிறாள். வேண்டியது இதுதானே, அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து கை கழுவினான்.

நான்காம் நாள் மாலை அவள் அறையிலிருந்து கூப்பிட்டாள். "கொஞ்சம் இங்க வாங்க."

மின்மினி கொட்டகைக்குள் நின்றுகொண்டிருந்தாள். சுவரோரம் நான்கு பெட்டிகள், ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறிய பலகையில் எழுத்து. நீளப் பலகை. குட்டைப் பலகை. தூண். நான்காவதில்: ஆணி, வளைந்தது தனி.

"நானும் கரடியும் எல்லாத்தயும் ஒரே பெட்டில தூக்கிப் போடுவோம்" என்றாள். "அப்புறம், இந்த கேம்ல ஆணி வளையவே வளையாது."

பழக்க தோஷம். எந்த வீட்டில் எதைக் கழற்றினாலும் பிரித்து அடுக்கி, எழுதி வைக்காமல் அவனால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

"நீதான் பண்ணியா?"

ஒன்பது வருடத்தில் முதல் 'நீ'. இதற்காகவா இத்தனை நாள் வெந்து கிடந்தோம் என்று இருந்தது.

"ஆமா. அவனும் வந்தான், நான் கழட்டறப்போ. நீ எழுதற மாதிரி எழுதினேன். இனிமே வேண்டாம்னு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கண்ணாடியைக் கழற்றி மடித்து மேசைமேல் வைத்தாள். "நாலு நாளா அவன் என்ன நினைச்சிட்டிருப்பான்?" என்றாள். "நான் என்ன நினைச்சிட்டிருந்தேன்னு நீங்க பக்கத்துல உக்காந்து பாத்துட்டே இருந்தீங்கல்ல?"



அவள் கரடிக்குச் செய்தி அனுப்பி ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொன்னாள். வந்தான். அவள் ஹெட்போனைத் தன் காதிலிருந்து எடுத்துக் கணவன் தலையில் மாட்டினாள். "சொல்லுங்க."

"நான் அவ வீட்டுக்காரன்" என்றான் தச்சன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "பாலத்தக் கழட்டினது நான்தான். அதுல எழுதினதும் நான்தான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

அந்தப் பக்கம் ஒரு இருமல். "அப்பாடா" என்றது குரல். சின்னப் பையன் குரலில்லை, நாற்பதைத் தாண்டிய ஆள். "நான் என்னமோ தப்பாப் பேசிட்டேன்னு மண்டைய உடைச்சிட்டிருந்தேங்க. நேத்து ஒரு பொண்ணு காரக் கொண்டுபோய் மதில்ல இடிச்சுது, நான் பிரேக்க மிதிக்க மறந்துட்டேன்." பிறகு, "பலகையெல்லாம் இருக்கா?" என்று கேட்டது.

"இருக்கு. பிரிச்சு வெச்சிருக்கேன்."

"அப்ப கட்டிரலாம்."

திட்டியிருந்தால் தேவலை. திட்டாத ஆளை என்ன செய்வது? அன்றே அவள் தம்பியின் பழைய லேப்டாப்பை வாங்கி வந்து, தச்சனும் ஆணி என்ற பெயரில் தீவில் இறங்கினான்.

பரிகாரமாகத்தான் ஆரம்பித்தான். ஒரு வாரத்தில் அவனைப் பிடிக்க முடியவில்லை. மரம் வெட்டினால் நேராக வந்தது. அளவு தப்பவில்லை, பலகை முறுக்கிக்கொள்ளவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்று சொல்ல ஒரு வீட்டுக்காரியும் இல்லை. பசித்தால் வேட்டை, குளிர்ந்தால் நெருப்பு, மற்றபடி கட்டு, கட்டு, கட்டு. பாலத்தைக் குறுக்குக் கட்டை கொடுத்து யானை நடக்கிற மாதிரி நிமிர்த்தினான். கரடியின் வீட்டுக்கு மாடி எடுத்தான். கொட்டகையை இடித்துக் கிடங்காக்கினான்.

"அண்ணே, நீங்க எங்க இருந்தீங்க இத்தன நாளா?" என்றான் கரடி. அவன் ஆணியைத் தேடிக்கொண்டு வர ஆரம்பித்தான். வாடகை வீட்டிலேயே காலம் தள்ளிய தச்சனுக்கு, சொந்தக் கையால் தனக்கென்று ஓர் ஊரே எழும்பியது. மின்மினி வருவது குறைந்ததை அவன் கவனித்தான். கடையில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டான்.

மூன்றாம் வாரம் ஞாயிறு காலை அவள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். திரையில் பனி. அவன் பார்த்தறியாத கடற்கரை. குடிசைகூட இல்லை.

"இது எங்க?"

"வேற இடம். நேத்துதான் இறங்கினேன்."

"நம்ம ஊரு?"

"அது உங்க ஊருங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. "என் குடிசை சாஞ்சு நின்னுதுல்ல, போன வாரம் அதையும் நிமிர்த்திட்டீங்க. என்னக் கேக்கவே இல்ல."

"விழுந்துடும்னுதான்..."

"விழட்டுமே. கடைல நாள் பூரா இது தெளிவா, அது தெளிவான்னு அடுத்தவங்களக் கேட்டுட்டே இருக்கேன். இங்க வந்தா நான் யாரையும் கேக்க வேண்டியதில்ல. அது கோணலா இருந்தாலும் நான் கட்டின கோணல். கரடி அதுல கை வெச்சதே இல்ல தெரியுமா?"

"கரடிய இங்க கூப்பிட்டிருக்கியா?"

"இல்ல. யாரையும் கூப்பிடல."

நிம்மதி வர வேண்டிய இடம் அது. வரவில்லை. இதுவரை பொறாமைப்பட ஓர் ஆள் இருந்தான், தோல் போர்த்திக்கொண்டு, முட்டி வலியோடு. இப்போது பனியும் கடலும்தான் இருந்தன. அவற்றோடு என்னவென்று சண்டை போடுவது?

அன்று தீவில் கரடி கேட்டான்: "அண்ணே, மின்மினி வரதே இல்லையே. எங்க இருக்கா?"

"வேற இடத்துல. தனியா."

"நம்ம போகலாமா?"

"நம்மள விடமாட்டா."

இருவரும் பாலத்தின் நடுவில் நின்றார்கள். பாலம் அசையாமல் நின்றது. "அங்க எப்படி இருக்காம்?" என்று கரடி மறுபடி கேட்டான். அந்தக் குரலில் இருந்தது என்ன என்று, இத்தனை நாள் அதிலேயே வெந்து கிடந்த தச்சனுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த ஞாயிறு அவன் தன் லேப்டாப்பைத் திறக்கவில்லை. சாப்பாட்டு மேசைக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் திரும்பாமலேயே சொன்னாள்: "உக்காருங்க. ஆனா ஒண்ணும் சொல்லக்கூடாது."

உட்கார்ந்தான். அவள் நான்கு கம்பு நட்டாள், நான்கும் நான்கு உயரம். மேலே கூரையை வைத்தாள். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு பூனை போகிற அளவுக்குச் சந்து. அவன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டான். காற்று வந்தது, கூரை பறந்தது. அவள் பனியில் ஓடிப்போய்ப் பலகைகளைப் பொறுக்கி வந்து, போன தடவையைவிட மோசமான இடத்தில் மறுபடி வைத்தாள். இந்த முறை நின்றது.

உள்ளே நெருப்பு மூட்டிக்கொண்டு மின்மினி உட்கார்ந்தாள். வெளியே பனி கொட்டியது. எங்கோ ஓநாய் ஊளையிட்டது. அவள் முகத்தில் அந்த வெளிச்சம் வந்திருந்தது. அவன் அதைப் பக்கவாட்டிலிருந்து, வாயைத் திறக்காமல், பார்த்துக்கொண்டிருந்தான்.